பெரிய சேர் அனுப்பிய ரின்மீன்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். புரட்டாதி மாதம். மழையைக் காணவில்லை, புழுக்கம் மட்டும் வந்து குந்தியிருந்தது. யாழ்ப்பாண நகரத்திலிருந்து தெல்லிப்பழைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் களஞ்சிய வேலை படிப்பிக்கிறேன். சாமானை எப்படி இறக்குவது, எப்படி அடுக்குவது, எதை முதலில் வெளியே விடுவது, லொறியில் எந்த ஒழுங்கில் ஏற்றுவது என்பதெல்லாம் என் பாடம். சொன்னால், இதற்கும் ஒரு படிப்பா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒருமுறை மாரியில் நனைந்து முளைவிட்ட பயறு மூட்டைகளோடு நின்று பார்த்தால் அப்படிச் சிரிக்கமாட்டார்கள்.

படிப்பிப்பதோடு, ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்றிதழுக்குச் சிபாரிசு செய்வதும் என் வேலை. எங்கள் சோதனையில் புள்ளி கிடையாது. தொண்ணூறு எடுத்தான், முப்பத்தைந்து எடுத்தான் என்ற கதையே இல்லை. ஒவ்வொரு பகுதியையும் ஆள் செய்து காட்ட வேண்டும். செய்தால் ‘தேர்ச்சி’. செய்யாவிட்டால் ‘இன்னும் இல்லை’. ஒரு பகுதி விடுபட்டாலும் சான்றிதழ் இல்லை. ஆனால் விட்டதை மட்டும் பிறகு ஒருநாள் வந்து திரும்பச் செய்யலாம். பள்ளிக்கூடச் சோதனையில் இந்த நல்ல குணம் இருந்திருந்தால் என் கணிதம் இந்தப் பாடு பட்டிருக்காது.

அந்த மாதம் இராணுவத்தின் வழங்கல் பிரிவிலிருந்து ஒரு குழுவை எங்களிடம் அனுப்பினார்கள். எல்லோரும் சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவர்கள். வருடக்கணக்காக முகாம்களில் களஞ்சியம் பார்த்தவர்கள், ஆனால் வெளியே போய் வேலை கேட்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவர்கள். அவர்களைச் சோதிக்க வேண்டும் என்றதும் என் முகம் சுருங்கிவிட்டது. அப்பாவின் காணி நெடுங்காலம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. விடுபட்டபோது எங்களுக்கு அடையாளம் தெரிந்தது கிணறு ஒன்றுதான். ஆனால் நிலையத்தில் நன்றாகச் சிங்களம் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்தி. முன்பு வவுனியாவில் நிவாரணக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்தபோது பழகியது. அதனால் தப்ப வழியில்லை. உடுவிலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, “உவைக்கோ படிப்பிக்கப் போறாய்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டா.

அந்தக் குழுவில் ஒரு சார்ஜன்ட் இருந்தார். மெலிந்த மனிதர், மீசை பாதி நரைத்திருந்தது. தூரத்தில், தென்கிழக்கே மொனராகலைப் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் பயிற்சிக் களஞ்சியத்துக்குள் நடந்து போகும்போதே, சரிந்து கிடக்கும் பெட்டியை விரலால் தட்டி நேராக்கிவிட்டுத்தான் போவார். எங்கள் பக்கம் பல வருடம் இருந்ததில் கொஞ்சம் தமிழும் பிடித்திருந்தார். அந்தத் தமிழில் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை ஒரு பக்கமும் போகும். அடுக்குதல், எண்ணிப் பார்த்தல், லொறி ஏற்றுதல் எல்லாவற்றிலும் அவர் கைக்கு நிகர் அந்தக் குழுவில் இல்லை. எனக்கு அவரைப் பிடிக்கத் தொடங்கியதில் எனக்கே என்மேல் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது தன் நிலைமையைச் சொன்னார். அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலை இருக்கிறது. மாத முடிவுக்குள் சான்றிதழோடு வந்தால் அவருக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். மூத்த மகள் படித்துக்கொண்டிருக்கிறாள், கடைசிப் பையன் இன்னும் பள்ளிக்கூடம். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக வீட்டில் இருந்து வேலைக்குப் போகலாம் என்று சொன்னார்.

கடைசிப் பகுதி, சாமானைப் பொறுப்பேற்பது. அதற்கு நாங்கள் ஒரு சின்ன நாடகம் வைத்திருக்கிறோம். எங்கள் நிலையத்தின் லொறிச் சாரதி நீர்வேலிக்காரர். முன்பு கொழும்புக்கு வாழைக்குலை ஏற்றிப் போனவர், நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் லொறியோடு வந்து சாமான் இறக்கச் சொல்வார். சாமான் ரின்மீன் பெட்டிகள், தகரப் பேணியில் அடைத்த மீன். அதில் ஒரு பெட்டிக்குள் கெட்டுப்போய் வீங்கின ரின்களை வேண்டுமென்றே வைத்திருப்போம். அனுப்பும் சீட்டில் ஒரு பெரிய அதிகாரியின் கையெழுத்துப் போல ஒன்று இருக்கும். பொறுப்பேற்பவர் தயங்கினால் அண்ணை தன் லொறிக்காரச் சிங்களத்தில் அவசரப்படுத்துவார்: பெரிய சேர் நேரே சொன்னவர், கெதியாக இறக்குங்கள், எனக்கு இன்னும் இடம் போக வேண்டும். இந்த நெருக்குதலுக்குள் கெட்ட சாமானைப் பிரித்து வைத்துத் திருப்பி அனுப்புகிறாரா என்பதுதான் சோதனை.

மற்றவர்கள் தட்டுத்தடுமாறியாவது தாண்டிவிட்டார்கள். சார்ஜன்ட் பெட்டியைத் திறந்தார். வீங்கின ரின்னைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், பெருவிரலால் மூடியை அழுத்தினார். சரி, கண்டுபிடித்துவிட்டார் என்று நான் மூச்சு விட்டேன். பிறகு அவர் சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். அண்ணை பெரிய சேரின் பெயரை எடுத்தார். அவ்வளவுதான். ரின்னை மெல்ல உள்ளே வைத்து, பெட்டியை மூடி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு, அடுக்குத் தட்டில் தூக்கி வைத்தார். பெட்டியின் முகப்பு வெளியே தெரியும்படி, நேராக. காணாமல் விட்டிருந்தால் வேறு. கண்ட பிறகும் வாங்கி வைத்தார்.

அண்ணை பிறகு என்னிடம் வந்து, “எனக்கே பாவமாக் கிடக்கு தங்கச்சி, நான் கொஞ்சம் கூட நெருக்கிப் போட்டனோ தெரியேல்லை” என்றார். இல்லை அண்ணை, எல்லோரையும் நெருக்கின மாதிரித்தான் என்றேன். அந்தப் பகுதிக்கு ‘இன்னும் இல்லை’ என்று போட்டேன். போடும்போது கை கூசியது. வேண்டுமென்று விழுத்திவிட்டாள் என்று அவர்கள் நினைப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். உள்ளுக்குள் எங்கோ எனக்கே அப்படி ஒரு நினைப்பு இருக்கிறதோ என்ற பயம் மறுபக்கம். அதனால் அடுத்த அறைக்குப் போய் முழுச் சோதனையையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். என் சொந்தத் தம்பி அந்த இடத்தில் நின்றிருந்தாலும் அதையேதான் போட்டிருப்பேன்.

முடிவை ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சேரின் கையெழுத்து இருந்ததே மிஸ் என்று மட்டும் கேட்டார். கையெழுத்து இருந்தாலும் ரின் வீங்கித்தானே இருந்தது, அதைச் சாப்பிடப் போவது யார் என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்டேன். அவர் தாழ்ந்த குரலில், இப்படிப் பல தடவை வாங்கி வைத்திருக்கிறேன் மிஸ், பல தடவை, என்றார்.

சான்றிதழ் வழங்கும் விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. சிபாரிசு வருமுன்பே எல்லோருக்கும் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டது, எங்கள் ஊர் வழக்கம் அப்படி. நிலையப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் விழா என்றால் பிரஷர் ஏறிவிடும்.

“பிள்ளை, நீர் ஏன் உதைப் பெரிசாக்கிறீர்? இண்டைக்குத் தேர்ச்சி எண்டு போட்டு விடும். அடுத்த கிழமை ஆறுதலாத் திரும்ப வைப்பம். அவையின்ரை பெரியவர் வாறார், அவர் சொல்லியும் விட்டவர், எல்லாருக்கும் குடுக்கவேணுமாம்.”

நான் மாட்டேன் என்றேன். செய்யாததைச் செய்தான் என்று என் கையால் எழுதமாட்டேன் சேர் என்றேன். அவர், சரி, நீர் எழுத வேண்டாம், மேடையில் கொடுக்கிறதைக் கொடுப்போம், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அதற்கு மேல் வாய் வரவில்லை. வேலையும் வேண்டும் அல்லவா? வீட்டுக்கு வந்து கணவரோடு காரணமில்லாமல் சண்டை பிடித்தேன். இரவு சரியாகத் தூங்கவும் இல்லை.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்தேன். பெரிய அதிகாரி மேடையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார். சார்ஜன்டின் பெயரும் வந்தது. அவர் எழுந்தார், மேடைக்கு ஏறினார், விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அதிகாரி சான்றிதழை நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை.

ஒரு பகுதி இன்னும் முடிக்கவில்லை சேர், முடித்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பொறுப்பாளர் கைக்குட்டையை எடுத்தார். எந்தப் பகுதி என்று அதிகாரி கேட்டார்.

“கெட்ட சாமானைத் திருப்பி அனுப்புகிற பகுதி, சேர்.”

அவர் இதைப் பணிவாகத்தான் சொன்னார். குரலில் வீம்பு இல்லை. கால் விறைப்பும் மாறவில்லை. ஆனால் நெற்றியில் வியர்வை வழிந்ததைக் கடைசி வரிசையிலிருந்தே கண்டேன். அதிகாரி கையிலிருந்த சான்றிதழைக் குனிந்து பார்த்தார். பிறகு, எப்போது முடிப்பாய் என்று கேட்டார். அது மிஸ்தான் சொல்ல வேண்டும் என்றார் சார்ஜன்ட். மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து, அடுத்த கிழமை வைக்கலாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி தலையை ஆட்டிவிட்டுச் சான்றிதழைத் தட்டத்தில் திரும்ப வைத்தார். சார்ஜன்டின் கையைக் குலுக்கி அனுப்பிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

விழா முடிந்ததும் பொறுப்பாளர் என்னைத் தேடி வந்தார். இன்றைக்கு வாங்கிக் கட்டத்தான் போகிறேன் என்று நின்றேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்ரை சீவன் போய் வந்தது பிள்ளை” என்றார். பிறகு, மறுசோதனைக்கு லொறி எந்த நாள் வேண்டும் என்று கேட்டார்.

அடுத்த கிழமை சார்ஜன்ட் சீருடை இல்லாமல், சாதாரணச் சேட்டோடு வந்தார். இந்தமுறை ரின்மீன் வைக்கவில்லை, கோதுமை மா மூட்டைகளை வைத்தோம். ஒன்றின் அடிப்பக்கம் ஈரம். அண்ணையும் இந்தமுறை விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார் போல. பெரிய சேர் கோபக்காரர், திருப்பிக் கொண்டுபோனால் என்னைத் தொலைத்துவிடுவார் என்று லொறியில் அடித்து அடித்துச் சொன்னார். சார்ஜன்ட் மூட்டையின் அடியைத் தடவி, விரலை மணந்து பார்த்தார். நாங்கள் சோதனையைச் சிங்களத்தில்தான் நடத்தினோம், ஆனால் அவர் அண்ணையின் தோளில் கை வைத்துத் தன் தமிழில் சொன்னார்.

“அண்ணை, சேர் நல்ல ஆள். மா நல்லது இல்லை. நீங்க கொண்டு போங்க.”

அண்ணைக்கு அடுத்த வசனம் வரவில்லை. மூட்டையைத் திரும்ப லொறியில் ஏற்றினார். நான் ‘தேர்ச்சி’ என்று எழுதினேன். அன்றைக்குக் கை கூசவில்லை.

இதோடு கதை நன்றாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. விழாவில் வாங்காத சான்றிதழைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்; என் சிபாரிசு அங்கே போய், அது முறைப்படி அவர் கைக்கு வந்தபோது மாதம் முடிந்துவிட்டது. ஊரில் சொல்லி வைத்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சித்திரையில் புதுவருட வாழ்த்துச் சொல்ல அவர் தொலைபேசி எடுத்தபோதுதான் இதைச் சொன்னார். இப்போது வீட்டிலிருந்து தூரத்தில், சின்னக் களஞ்சியம் ஒன்றில் வேலை. சம்பளமும் குறைவு. கிழமை முடிவில்தான் வீட்டுக்குப் போகிறாராம். மன்னியுங்கள் என்று சொல்ல நினைத்தேன், அது பொருந்தவில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். போனமாதம் ஒரு லொறி பருப்பைத் திருப்பி அனுப்பினேன் மிஸ், முதலாளி கத்தினார், பிறகு மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த இரண்டு நாளில் நானும்தான் மாட்டேன் என்று சொன்னேன். எனக்கு அதனால் போனது ஓர் இரவுத் தூக்கம். பொறுப்பாளரின் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். அந்த மனிதர் தன் மேலதிகாரியின் முன்னால், தான் ஆசைப்பட்ட வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஊர் பார்க்கச் சொன்னார். இப்போதும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள், கையெழுத்துப் போடுங்கோ மிஸ் என்றால், அவர் கையை நீட்டாமல் மேடையில் நின்றதுதான் கண்ணுக்குள் வருகிறது. பேனையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் சாமானைக் காட்டுங்கோ என்று கேட்கிறேன்.