ஊசி போடாத தீப நாள்

நான் வேலை செய்யும் ஷார்ஜா கஃபெட்டீரியாவுக்குச் சாயங்காலங்களில் ஓர் அரபுக்காரர் தன் சின்ன மகளோடு வருவார். சாண்ட்விச் வருவதற்கு முன் அந்தப் பெண் எல்லோர் எதிரிலும் சட்டைக் கையை ஏற்றிவிட்டு, பேனா போன்ற இன்சுலின் ஊசியைப் புஜத்தில் குத்திக்கொள்வாள். பக்கத்து மேசையில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழ்பென்னாத்தூரில் என் மகள் செல்விக்கு ஊசி போடும்போது என் மனைவி வசந்தா ஜன்னலையும் சாத்திவிடுவாள். பெண் பிள்ளைக்குச் சர்க்கரை என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற பயம்.

தன் மகளை நான் பார்ப்பதை ஒருநாள் அந்த அரபுக்காரர் கவனித்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. "மை டாட்டர்... சேம் இன்சுலின்" என்றேன். அவர் முகம் இளகியது. ஒரு நோட்டை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துத் தோளைத் தட்டினார். நான் காசு கேட்கவில்லை. இவ்வளவு கூச்சமில்லாமல் போட்டுக்கொள்ள அந்தப் பெண்ணை யார் பழக்கினார்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்கு என்னிடம் பாஷை இல்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

செல்விக்கு இது மிட்டாய் தின்று வந்ததல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுவிட்டது, ஆயுசுக்கும் ஊசிதான் என்றார் திருவண்ணாமலை டாக்டர். ஆரம்பத்தில் ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போய் மயங்கி விழுந்தாள். "ஊசி போட்டா சாப்பிட்டே ஆவணும்" என்று நர்ஸ் கண்டித்தார். வசந்தா அந்த ஒரு பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

போன கார்த்திகை தீபத்துக்கு, சர்க்கரை தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு மகளை விரதம் இருக்கவைத்தாள். மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மத்தியானத்திலிருந்தே செல்வி வாந்தி எடுத்திருக்கிறாள், ஓயாமல் தண்ணீர் கேட்டிருக்கிறாள். சாயங்காலம் நான் வசந்தாவுக்குப் போன் செய்தபோது செல்விக்கு மூச்சு இரைப்பது இங்கே கேட்டது.

"ஊசி போட்டியா இல்லியா?"

"காலையிலர்ந்து சோறே திங்கல, ஊசி எதுக்குங்க? நர்ஸம்மா சொன்னது மறந்துட்டீங்களா? விரதம்னா அசதியாத்தான் இருக்கும்."

மொட்டை மாடியிலிருந்து தீபத்தைப் பார்த்து எல்லோரும் கும்பிட்டபோது செல்வியால் எழுந்து நிற்க முடியவில்லை. என் மச்சான் அவளை வேனில் போட்டுக்கொண்டு ஓடினார். தீபக் கூட்டத்துக்காகப் போலீசார் வண்டிகளைத் திருவண்ணாமலைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். பிள்ளைக்குத் தீபம் காட்டத்தான் தூக்கிப் போகிறார் என்று நினைத்து ஜனங்கள் சிரித்தபடி வழிவிட்டார்களாம். மச்சானைக் கூப்பிட்ட என் போனில் "அரோகரா" மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிழைத்தாள். "சாப்பிடலன்னாலும் உடம்புக்கு இன்சுலின் வேணும்மா. எவ்ளோ போடணும்னு எங்களைக் கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுதி என்ன ஆகும் என்றும் தோன்றுகிறது. டாக்டர் சொன்னதை நேரில் கேட்ட வசந்தாவே இப்படிச் சொல்கிறாள்: "தீபம் பாத்தா, ஆனா விரதச் சோறு சாப்பிடலியே. வேண்டுதல் பாதியில நின்னுபோச்சு. அடுத்த தீபத்துக்கு ஒழுங்கா இருந்தா எல்லாம் சரியாப் பூடும்." கத்தினேன். அழுதாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

நான் ஊருக்குப் போய்விட்டால் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்க வழியில்லை. இங்கேயே இருந்தால் அடுத்த தீபத்தன்று வசந்தாவைத் தடுக்க ஆளில்லை. எப்படி யோசித்தாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறேன்.

இப்போது செல்வி தானே போட்டுக்கொள்கிறாள். அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் கூப்பிடுவேன். இரண்டு கையும் வேண்டும் என்பதால் போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிடுவாள்.

"ப்பா, ஃபேன பாத்துக்குனு இரு. அது எங்கியும் ஓடிடாது."

நேற்று ஊசியை எடுத்தபடியே கேட்டாள், "அடுத்த தீபத்துக்கு நீ வந்துடுவியாப்பா?"

"பாக்கலாம்மா" என்றேன்.

போனில் என் வீட்டு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் காற்று படாத தூரத்தில், இந்த ஊர்ச் சமையலறை வெக்கையில், என் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பதுபோல் நின்றிருந்தேன்.