கையில் வெட்டுப்பட்டால் சொல்லக்கூடாது

இங்கே கனடாவில், வேலைத்தலத்தில் என்னை "அக்கா" என்கிறார்கள். காது இன்னும் பழகவில்லை. மில்லிக்கன் பிளாசா வாசலுக்குக் காலையில், வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் வான் வரும். உள்ளே எல்லோரும் தமிழ். ஓட்டுகிற ரஜீவன்தான் ஏஜென்சிக்கு ஆள் பிடிப்பவரும். பிறம்ரன் நகரத்து வெயார்ஹவுஸ் வரைக்கும் ஒரே பகிடியும் சிரிப்பும். ஜேர்மனியில் பேக்கரித் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் பாண் அடுக்கினேன். மேற்பார்வையாளருக்கு என் பெயர் வாயில் நுழையவில்லை, நுழைக்க அவர் முயலவுமில்லை. "ஏய்" என்பதே என் பெயர். பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறிய எத்தனையோ பேர் இரண்டாம் முறையும் பெட்டி கட்டுவதைப் பார்த்து, எங்கட ஆக்களோடு இருப்பம் என்று கணவரும் மகளும் நானும் கடல் தாண்டினோம். கணவருக்கு இன்னும் வேலை இல்லை. என் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஒருநாள் பெட்டி வெட்டும் கத்தி உள்ளங்கையில் இறங்கியது. பக்கத்தில் நின்ற சுமதி துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அக்கா. வீட்டிலை மீன் வெட்டேக்கை பட்டது எண்டு சொல்லுங்கோ."

"வேலையிலை பட்டதை ஏன் வீட்டிலை எண்டு சொல்ல?"

"உந்த ஜேர்மன் சட்டமெல்லாம் இஞ்சை கொண்டு வராதேங்கோ."

ஜேர்மனியில் ஒருமுறை விரல் நசுங்கியபோது, என் பெயரைச் சொல்லாத அந்த மேற்பார்வையாளர் வழி முழுக்கத் திட்டியபடியே தன் காரில் வைத்தியரிடம் ஏற்றிப்போனார். மறைத்திருந்தால்தான் குற்றம். ஆறும்வரை வீட்டில் இருந்தேன், சம்பளம் வந்தது. அன்பு ஒரு துளியும் இல்லை. சட்டம் இருந்தது.

ஆகவே வெயார்ஹவுஸ் மனேஜரிடம் போய்க் கையைக் காட்டினேன். இளம் வெள்ளைக்காரப் பெண். சொன்னதற்கு நன்றி, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று அழகாகச் சிரித்தாள். ஓய்வு என்றால் ஜேர்மன் ஓய்வு என்று நினைத்துவிட்டேன்.

சம்பளம் வரவில்லை. கை ஆறியதும் பிளாசா வாசலில் போய் நின்றேன். ரஜீவன் வான் கண்ணாடியை இறக்கினார்.

"இடமில்லை அக்கா."

"சீற் ஒண்டு வெறுமையாக் கிடக்குது, தம்பி."

"உது வேறை ஆளுக்குச் சொல்லியாச்சு. குறை நினைக்காதேங்கோ. அண்ணையைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ."

குரலில் அவ்வளவு பாசம். ஓர் இளம்பெண் ஓடிவந்து அந்த இருக்கையில் ஏறினாள். சுமதி கைப்பேசிக்குள் குனிந்திருந்தாள்; அவளுக்கும் நாளைக்கு வான் வேண்டும்.

வாய் திறந்தேன். வந்து விழுந்தது ஜேர்மன். முழு முழு வசனங்கள், ஒரு பிசகில்லாமல். அங்கே வாழ்ந்த காலத்தில் ஒருநாள்கூட, ஒருவரைக்கூட நான் எதிர்த்துப் பேசியிராத மொழி, தமிழர் நிறைந்த வானைப் பார்த்துக் கத்தியது.

"அக்கா என்ன சொல்லுறா?" என்று அந்தப் பெண் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது.