பின்வாசல் நாற்காலி

துணிக்கடையில் தீத்தடுப்புப் பொறுப்பாளர் என்பவர், எதுவும் நடக்காத நாளெல்லாம் வீண்செலவு. ஏதேனும் நடந்துவிட்ட நாளில் முதல் குற்றவாளி. மண்டபத்திலோ மருத்துவமனையிலோ சிவப்பு உருளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழாசிரியையாக ஓய்வு பெற்றபின், சங்கரன்கோவிலில் மூன்று மாடித் துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்களை மேற்பார்வையிடச் சேர்ந்தேன். தீயணைப்புத் துறையின் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது பொறுப்பாளர் என்று ஒரு பெயர் தேவைப்பட்டது; முதலாளி என் பெயரை எழுதிவிட்டார். 'தீ தடுப்பு' என்றிருந்த பலகையில் விடுபட்ட 'த்' என்னும் ஒற்றை இட்டதே என் முதற்பணி. அதன்பின்தான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாம் மாடி முழுவதும் பட்டு. அங்கே நிற்பவர்கள் இருபதைத் தொட்ட பெண்கள். இறங்குவதற்கு முன்படி ஒன்று, பின்படி ஒன்று. பின்படியின் கீழ்க்கதவு பூட்டியிருந்தது. அன்று முதல் எனக்கு உறக்கம் சரியில்லை.

சந்தனக் காப்பு

ஆயுதபூசைக்கு மறுநாள் தீயணைப்பான்களைப் பார்வையிட்டேன். ஒவ்வொன்றும் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, கதம்பம் சூடி நின்றது. இழுத்தவுடன் கழல வேண்டிய ஊக்கைப் பூச்சரத்தின் நார் நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டிருந்தது. குழாயின் வாயில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஊசியால் சுரண்டிக்கொண்டே, இதைச் செய்தவர் யார் என்று கேட்டேன்.

தளமேலாளர் சுடலைமுத்து மகிழ்ச்சியோடு முன்வந்தார். "நான்தான் டீச்சர். இனிமே பயப்படாதிய, சாமி கும்பிட்டாச்சுல்லா, அது வேலையே இல்லாம சும்மா கெடக்கும்."

கூரையில் தொங்கிய சேலை

கூரைக் குழாய்களில் நீர்தெளிப்பான்கள் உண்டு; கடையில் அனைவரும் ஸ்பிரிங்க்ளர் என்பார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சூடு ஏறினால் அது உடையும், நீர் கொட்டும். முரட்டுக் கை பட்டாலும் உடையும். அந்தக் குமிழை ஒட்டி ஹேங்கரை மாட்டி, ஊதாப் பட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

நான் முக்காலியில் ஏறினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உறங்கும் பாம்பின் மேலிருந்து துணியை எடுப்பவளைப் போல அதைக் கழற்றினேன். கீழே, திருவேங்கடம் ஊரிலிருந்து சேலை எடுக்க வந்த பெண்மணி ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் சேலையை வாங்கி, விளக்கடியில் விரித்து, இரண்டு பக்கமும் புரட்டினார்.

"இவ்வளவு நடுங்கிக்கிட்டுக் கழட்டுதியளே, சேலையில எங்கன கிழிசல் இருக்கு, உண்மையச் சொல்லுங்க."

வால்வு

துணிக்கடைக்காரர்கள் நெருப்பைவிட நீருக்கே அஞ்சுவார்கள் என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒரு குமிழ் உடைந்தால் எல்லாக் குமிழும் உடையும், மூன்று மாடியும் வெள்ளக்காடாகும் என்று முதலாளி உறுதியாக நம்பினார். ஆகவே தரைத்தளத்தில், தெளிப்பான்களுக்கு நீர் விடும் வால்வை அவரே இறுக மூடிவிடுவார். காலையில் நான் திறப்பேன். மாலையில் அது மூடியிருக்கும். சூடு பட்ட குமிழ் மட்டுமே உடையும் என்று பலமுறை சொன்னேன். "ஒண்ணு ஒடஞ்சா பக்கத்துல உள்ளது பாத்துக்கிட்டு இருக்குமாக்கும்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

ஒரு நாள் பெரிய மாரியம்மன் கோயில் தெருவில் சங்கிலியும் பூட்டும் வாங்கிவந்து, வால்வைத் திறந்த நிலையிலேயே பிணைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். முதலாளி வந்து பார்த்தார். முகம் சிவந்தது. பெண்கள் எல்லோரும் சேலை மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"கடை என்னுது, தண்ணி என்னுது, பூட்டு மட்டும் ஒங்களுதா டீச்சர்?"

கள்ளனும் நெருப்பும்

வால்வோடு விட்டிருக்கலாம். எனக்குப் பின்கதவும் திறந்தாக வேண்டியிருந்தது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் வரும்போதெல்லாம் முன்படியில் மேலே ஏறுபவர்களும் கீழே இறங்குபவர்களும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். அதே படியில் புகையும் சேர்ந்தால் என்னவாகும்? பின்கதவைத் திறந்தால் சேலை களவு போகும் என்பது முதலாளியின் வாதம்.

"அப்படியானால் அந்தக் கதவருகே நானே காவல் இருக்கிறேன்" என்றேன். விசிறி இல்லாத அந்த மூலையில் என் நாற்காலி போடப்பட்டது. பூட்டு போனது, தாழ்ப்பாள் மட்டும் இருந்தது. முதலாளி அதை இருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நெருப்பு என்னைக்காவது வரும் டீச்சர், கள்ளன் தெனமும் வாரான்."

மாம்பழ நிறம்

தீபாவளிக்கு முந்தைய வாரம், நண்பகல். மூன்றாம் மாடிக் காட்சிப் பெட்டியின் அலங்கார விளக்கில் பொறி தெறித்து, பின்னாலிருந்த அட்டை பற்றிக்கொண்டது. தீ எச்சரிக்கை மணி அடித்தது. தாழ்ப்பாளை நீக்கிக் கதவை அகலத் திறந்தேன். படியில் காலடி ஓசை கேட்டது. பெண்களும் வாடிக்கையாளர்களுமாக இறங்கினார்கள். வருகைப்பதிவு எடுத்த பழக்கத்தில் முகம் முகமாக எண்ணினேன். பட்டுப் பிரிவில் நிற்கும் குருவிகுளத்து இசக்கியம்மாளைக் காணவில்லை.

என் முழங்கால்கள் படியேற மறுப்பவை, அன்று ஏறின. புகை இரண்டாம் மாடித் திருப்பம்வரை இறங்கியிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். தலையிலிருந்து நீர் சொட்ட, புளியங்குடி வாடிக்கையாளர் அம்மா ஒருவரை இழுத்துக்கொண்டு இசக்கி வெளிப்பட்டாள். "வர மாட்டேன்னுட்டாக டீச்சர்" என்றாள் இருமலுக்கிடையே. அந்த அம்மா படியில் நின்று மேலே திரும்பிப் பார்த்தார்.

"ஏட்டி, அந்த மாம்பழக் கலர ஒருத்திக்கும் குடுத்துராத, தீ அணஞ்சதும் வாரேன்."

கணக்குப் பார்த்தல்

தீயணைப்பு வண்டி வருவதற்குள் தீ அடங்கிவிட்டது. உடைந்தது ஒரே ஒரு குமிழ். நனைந்தது ஒரே ஒரு வரிசைப் பட்டு. முதலாளி கூரையை அண்ணாந்து, உடையாமல் நின்ற குமிழ்களை ஒவ்வொன்றாக நெடுநேரம் பார்த்தார். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. "அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இருப்பைச் சரிபார்க்கப் போனார்.

மாலையில் பின்வாசலுக்கு வந்து, காலியாகக் கிடந்த என் நாற்காலியைச் சுட்டிக் காட்டினார்.

"நெருப்புல ஒரு சேலைகூடப் போகல டீச்சர், நீங்க மாடிக்குப் போன நேரத்துல இந்த வாசல் வழியா ரெண்டு போயிருக்கு."

இசக்கியம்மாள் உட்பட ஒருத்தியும் குறையாமல் எண்ணி முடித்த எனக்கு, அந்த இரண்டு சேலைகளை எண்ணத் தவறியதற்காக மட்டும் இன்றுவரை வருத்தம் வர மறுக்கிறது.