பூசைக்கு நிமிர்த்திய ஸ்பேனர்

என் ஆயுளில் நான் பக்திமானாக இருந்தது சுமார் கால் மணி நேரம். அதுவும் ஓர் ஆயுத பூசையன்று, உயிர் பயத்தில்.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, பேளுக்குறிச்சியில் எங்கள் வீட்டோடு இருந்து ஒரு பழைய வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சீமையில் சண்டை நடந்த காலம். உதிரிச் சாமானும் வராது, கழற்றிப் பூட்டும் கருவிகளும் வராது. அதனால் கருவிகளை மாமா தாமே செய்துகொண்டார். மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டையை அறுத்து, கார்ச் சக்கரத்தை இழுத்துக் கழற்ற ஒரு கொக்கி. எஞ்சினுக்குள் எது முனகுகிறது என்று காது வைத்துக் கேட்க ஒரு மூங்கில் குழாய். அப்புறம் ஒரு ஸ்பேனர். சாரைப்பாம்பு நெளிந்தாற்போல் இரண்டு இடத்தில் வளைந்திருக்கும்.

எங்கள் குடியானவர் வீட்டில் ஒரு வழக்கம். கோணிய கலப்பைக் கொழுவையும் மழுங்கிய அரிவாளையும் சாமி முன்னால் வைக்க மாட்டோம். நிமிர்த்தித் தீட்டித்தான் வைப்போம். பூசைக்கு முதல் நாள் எல்லாவற்றையும் துடைத்து வைக்கும் பொறுப்பை அம்மா என்னிடம் விட்டாள். மாமாவின் ஸ்பேனர் இப்படிக் கோணிக் கிடக்கிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. கிணற்றுமேட்டுக் கல்லிடுக்கில் செருகி, தொங்கி ஆடி, மேலே குண்டுக்கல்லைப் போட்டு நேராக்கிவிட்டேன். சந்தனம் வைத்து, சாமந்திப்பூவைக் குவித்து மூடியும் விட்டேன்.

மறுநாள் மாமா காரின் கார்புரேட்டரையே கழற்றிக் கழுவிக் கொண்டுவந்து பூசையில் வைத்தார். அப்பாவிடம் பெருமையாகச் சொன்னார்:

"இத மறுபடி மாட்டோணும்னா அந்தக் கோண ஸ்பேனர் ஒண்ணுதானுங்க மச்சான் எட்டும். அந்த வளைவுக்கே ரெண்டு நாள் உசுர உட்டேன்."

வேண்டுமென்றே வளைத்ததையா நான் நேராக்கிவிட்டேன்! ஒரே ஆறுதல், பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. அதற்குள் எங்காவது ஓடிப்போகலாம்.

அன்று மத்தியானம் மலையிலிருந்து நாலு பேர் மூங்கிலில் கம்பளித் தூளி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். மலைமேல் வாழவந்தி நாடு என்ற பகுதிக்காரர் ஒருவரின் மனைவி. இரண்டு நாளாக வலி, பிள்ளை இறங்கவில்லை.

"சேலத்து ஆசுபத்திரியில சேத்திருங்க சாமி," என்று அந்த மனிதர் கும்பிட்டார்.

கார்புரேட்டரையும் ஸ்பேனரையும் எடுக்க மாமா பூசையறைக்கு ஓடினார். "பூசையில வெச்சதையா?" என்று அப்பா இழுத்தார். நான் பாய்ந்து குறுக்கே நின்றேன்.

"எடுக்கக் கூடாதுங்க! சாமி கண்ணக் குத்தும்!"

"பாரு, பொடியனுக்கு இருக்கிற பக்திய," என்றார் அப்பா. நான் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

தூளிக்காரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த அம்மா, "குத்துனா எங் கண்ணக் குத்தட்டும். தள்ளு கண்ணு," என்று என்னை விலக்கிப் பூவுக்குள் கைவிட்டாள். ஸ்பேனர் வெளியே வந்தது, அளவுகோல் மாதிரி.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு நேரம் தயங்கிய அப்பா, பூசையிலிருந்த மாட்டுச் சாட்டையைத் தயங்காமல் எடுத்தார். எனக்கு டவுசர் நனைந்தது.

"அவன உடுங்க மச்சான்," என்றார் மாமா. "நாந்தான் நிமித்துனேன். நெனப்பே இல்லாமப் போச்சு பாருங்க."

உடனே மாமா சுண்டல் சட்டியை இறக்கிவிட்டு ஸ்பேனரை அடுப்பில் செருகினார். கனன்று சிவந்ததும், குங்குமம் வைத்திருந்த உரலின் குழியில் முட்டுக்கொடுத்து, கண்மட்டத்துக்கே இரண்டு வளைவு வளைத்தார். கார்புரேட்டரின் நட்டு ஏறியது. அம்மா பின்சீட்டில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வாங்கிக்கொள்ள, கார் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது.

மறுநாள் சாயங்காலம் மாமாவும் அம்மாவும் திரும்பினார்கள். பெண் குழந்தை, தாயும் பிழைத்துவிட்டாள்.

எனக்கோ மாமாவைப் பார்க்கப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் செய்ததைத் தான் செய்ததாக நினைக்கிறாரே, இந்த வயதில் இவ்வளவு மறதியா! வெண்டைக்காய் தின்றால் ஞாபக சக்தி வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த மாதம் முழுக்க என் பங்கு வெண்டைக்காயை அவர் தட்டில் தள்ளிவிட்டு, "சாப்பிடுங்க மாமா, சரியாயிரும்," என்று தேற்றினேன்.

அவருக்கு வெண்டைக்காய் என்றாலே குமட்டும் என்பதைப் பல வருஷம் கழித்து மாமாவின் மனைவியாக வந்த அத்தைதான் சொன்னாள். அந்த மாதம் ஒரு துண்டுகூட அவர் மிச்சம் வைக்கவில்லை.