சவுரியம்மாள் திறந்து வைத்த ஜன்னல்

எங்கள் ஊரில் சூப்பர் மார்க்கெட் வேண்டுமா வேண்டாமா என்று 1974-இல் எட்டு மாதம் சண்டை நடந்தது. இன்று யாரைக் கேட்டாலும் அது காசிநாதனுக்கும் பரந்தாமனுக்கும் நடந்த சண்டை என்பார்கள். காசிநாதன் கூட்டுறவுப் பண்டகசாலையின் தலைவர். பரந்தாமன் மளிகை வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். இரண்டு பேருடைய படமும் அவரவர் கட்டடத்தில் மாலையோடு தொங்குகிறது. அந்தச் சண்டையில் உண்மையாகவே தோற்ற ஆள் சவுரியம்மாள். அவருக்குப் படம் கிடையாது. நான் எழுதாவிட்டால் வேறு எவனும் எழுதப் போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே 'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேனே, அந்தக் காலத்தில் அவரை நான் 'வா, போ' என்றுதான் பேசினேன். எனக்கு இருபத்திரண்டு வயது, அவருக்கு நாற்பதுக்கு மேல். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் வீட்டிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பண்டகசாலையில் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தவன் நான். அவர் என்னை 'சார்' என்பார். இரண்டு பேருக்குமே அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை.

சவுரியம்மாள் ஆம்பூர் ரோட்டில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், வேலை செய்தார். உப்புப் போட்டுக் கட்டுக் கட்டாக லாரியில் வந்து இறங்கும் பச்சைத் தோல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதற வேண்டும். பதினாறு வயதில் ஆரம்பித்த வேலை. உப்பு தின்று தின்று உள்ளங்கை முழுக்க வெடிப்பு. புருஷனும் அங்கேதான் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தார். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற ஆறு நாளும் உப்பு. மேஸ்திரி கலீமுல்லா மட்டும், "சவுரியம்மா உதறுன தோல்ல ஒரு கல்லு உப்பு இருந்திச்சின்னா என் தாடிய எடுத்துர்றேன்" என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பெருமையால் கூலி ஒரு பைசா ஏறவில்லை.

சாமான் வாங்குவது பரந்தாமன் கடையில். கடைக்கு முன்னால் சாக்கடை, அதன் மேல் ஒரு கல் பலகை. பலகை மேல் ஏறி நின்றால் வாய் விரித்து வைத்த அரிசிச் சாக்குகள் கைக்கு எட்டும். எங்கள் ஊரில் அரிசி வாங்குகிறவர்கள் சாக்கில் கையை விட்டு ஒரு பிடி அள்ளுவார்கள். உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள். நாலு மணியை வாயில் போட்டுக் கடிப்பார்கள். பழைய அரிசியா, புது அரிசியா, கல் கிடக்கிறதா என்று பல் சொல்லிவிடும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த சாக்கு. நானும் கடித்திருக்கிறேன், பெரிய நிபுணன் மாதிரி.

தோல் ஷாப் பெண்கள் பலகை மேல் ஏறக் கூடாது. எங்கேயும் அப்படி எழுதி வைக்கவில்லை. அவர்கள் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று பையை நீட்டுவார்கள், பரந்தாமன் எட்டிக் கொட்டுவார். அரிசியைத் தொடாமல் வாங்குகிறவளுக்கு எந்தச் சாக்கிலிருந்து வரும்? அடிச் சாக்கிலிருந்துதான். ஒரு நாள் சோற்றில் கிடந்த கல் சவுரியம்மாளின் முன்பல்லைப் பாதியாக உடைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் காலி இடத்தில் சூப்பர் மார்க்கெட் கட்டுவது என்று பண்டகசாலை தீர்மானம் போட்டது. ஊர் இரண்டானது. முப்பத்திரண்டு மளிகைக் கடைக் குடும்பமும் தெருவுக்கு வந்துவிடும் என்றார்கள் ஒரு பக்கம். எடை சரியாக இருக்கும், விலையை எழுதி ஒட்டுவார்கள் என்றார்கள் வாத்தியார்கள். பொம்பளைகள் உள்ளே போனால் சாயங்காலம்வரை வெளியே வர மாட்டார்கள் என்று ஒரு பெரியவர் கவலைப்பட்டார். கடைசியில் பள்ளிக்கூட ஹாலில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். மினிட்ஸ் எழுத நான் உட்கார்ந்தேன்.

காசிநாதன் மைக்கைப் பிடித்து விளக்கினார். "யாரும் யாரையும் கெஞ்சிக்கினு நிக்க வேணாம். ஒரு கூடைய எடுத்துக்கினு உள்ள போங்க. சாமானை உங்க கையால எடுங்க, பாருங்க. புடிச்சா கூடையில போடுங்க, புடிக்கலன்னா வெச்சிட்டு வாங்க."

பின்வரிசையில் சவுரியம்மாள் எழுந்து நின்றார். அந்த மாதிரிக் கூட்டத்தில் பெண்களே பேசுவதில்லை.

"யார்னா உள்ள போலாமா சார்?"

"யார் வேணா போலாம்மா."

"நாங்க?"

காசிநாதன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "எல்லாரும்னா எல்லாரும்தான்."

சவுரியம்மாள் உதட்டைத் தூக்கி உடைந்த பல்லைக் காட்டினார். "இது அரிசில கீற கல்லு ஒடச்சது சார். இருவது வருசமா அந்தாண்டயே நின்னு வாங்குறேன். எனுக்கு வெல கம்மியா இருக்கணும்னு இல்ல. நாலு மணி அரிசிய எங்கையால எடுத்துக் கடிச்சுப் பாக்கணும். அது நடக்கும்னா கட்டுங்க, நாங்க எல்லாரும் சேர்றோம்."

கூட்டத்தில் எவனோ, "தோல் ஷாப் கைய சர்க்கரையில வுட்டா அப்புறம் யாரு திங்கிறது?" என்றான். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். மினிட்ஸில் 'சிரிப்பு' என்று எழுதவில்லை.

ஆனால் காசிநாதன் கெட்டிக்காரர். ஐநூறு உறுப்பினர் சேர்ந்தால்தான் மேலிடத்தில் அனுமதி கிடைக்கும்; அவர் கையில் முன்னூறுகூடத் தேறவில்லை. மறுநாளே சவுரியம்மாளைக் கூப்பிட்டு உறுப்பினர் படிவங்களைக் கட்டாகக் கொடுத்தார். வேலை முடிந்து, உப்புகூட உதிராத புடவையோடு அந்தம்மா தான் குடியிருந்த காலனியில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "நம்ம கையால எடுக்கலாம்டி" என்பது ஒன்றுதான் அவர் சொன்ன பிரசாரம். மூன்று மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்தார். ரேகை வைத்த படிவங்களை என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார். நான் ஸ்கேலால் தள்ளி என் பக்கம் இழுத்துக்கொள்வேன். அவர் அதைக் கவனித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

பரந்தாமன் அவருக்குச் சாமான் கொடுப்பதை நிறுத்தினார். "நீதான் சூப்பர் மார்க்கெட்காரியாச்சே, அங்கியே போய் வாங்கிக்கோ" என்றார். கட்டடம் எழும்பும்வரை சவுரியம்மாள் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி ஆம்பூர் போய் அரிசி வாங்கி வந்தார்.

கூரை போட்டு முடிந்த நேரத்தில் வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. காசிநாதன் பரந்தாமனை வீட்டுக்கு அழைத்தார். நானும் நோட்டுப் புத்தகத்தோடு போனேன். பரந்தாமன் சத்தமே போடவில்லை. காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்டார்:

"தலைவரே, தோல் ஷாப் பொம்பளைங்க உள்ள பூந்து எல்லாத்தையும் தொட்டா, வாத்தியார் ஊட்டம்மா வருவாங்களா? டாக்டர் ஊட்டம்மா? உங்க ஊட்டம்மாவே வருவாங்களா, கேட்டுப் பாருங்க. வெறும் தோல் ஷாப்ப நம்பி எத்தினி நாளு கடை நடத்துவீங்க?"

காசிநாதன் உள்ளே போய்க் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது: வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், கட்டடத்தின் பின்சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல் வைக்கப்படும், தோல் ஷாப் ஆட்களுக்கு அங்கே சாமான் கொடுக்கப்படும். இதை எப்படி எழுதுவது என்று காசிநாதன் என்னைக் கேட்டார். "தொழிலாளர் தாய்மார்களின் வசதிக்காகத் தனி ஜன்னல்" என்று எழுதிக் காட்டினேன். நல்லாயிருக்கு என்று முதுகில் தட்டினார். அந்த 'வசதி' என்ற சொல் என்னுடையது. ஜன்னலை அடைத்தாலும் அந்தச் சொல்லை நான் அழிக்க முடியாது.

சவுரியம்மாளிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம். இரண்டு முறை வாய்வரை வந்தது. வேலை போய்விடுமே என்று விழுங்கிவிட்டேன்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து நேராக வந்தார்கள், அவரும் அவர் சேர்த்த பெண்களும். சவுரியம்மாள் மஞ்சள் புடவை கட்டியிருந்தார். கையைப் புளி போட்டுத் தேய்த்து, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்து, வெடிப்பெல்லாம் சிவந்து ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கையோடு மேடையில் ஏறினார். அதிக உறுப்பினர் சேர்த்ததற்காகக் காசிநாதன் ஒரு மாலையை அவர் கையில் கொடுத்தார், கழுத்தில் போடவில்லை. பிறகு மைக்கில் அறிவித்தார்: "தொழிலாளர் தாய்மார்களின் தனி ஜன்னலை, உழைக்கும் பெண்களின் சார்பாக, சவுரியம்மாள் திறந்து வைப்பார்!"

முன்வாசல் ரிப்பனை வெட்டுவது வேறொருவர். நான் தட்டில் கத்தரிக்கோலோடு சவுரியம்மாளைக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனேன். பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். ஜன்னல் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்தார். சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"கதவு எங்க சார்?"

"இதாம்மா. க்யூவுல நிக்கிற பேஜாரே இல்ல."

"உள்ள போறது?"

நான் தட்டை நீட்டினேன். வெட்டாமல் போய்விடுவார், ஏன், மாலையைத் தூக்கி என் மூஞ்சியில் எறிவார் என்றுகூட நினைத்தேன். எறிந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் திரும்பி இருநூறு பெண்களையும் ஒரு முறை பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினார். போட்டோக்காரர் படம் எடுத்தார். முன்வாசல் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது.

அன்று சாயங்காலமே காலனியில் அவரைக் கிழித்தார்கள். "நீ போய் மாலை வாங்கிக்கினு எங்கள கொல்லப்பக்கம் நிக்க வெச்சிட்ட" என்று பட்டம்மாள் என்ற பக்கத்து வீட்டுக்காரி தெருவில் நின்று கத்தினாராம். கூடவே வளர்ந்தவர்கள் அவர்கள். ஏன் வெட்டினாய் என்று பல வருஷம் கழித்து நான் கேட்டபோது சவுரியம்மாள் சொன்னார்: "என்ன நம்பி வந்துட்டாங்களே சார். ஏமாந்துட்டோம்னு அங்கியே தெரிஞ்சா அழுதுருவாங்களேன்னு பாத்தேன்."

ஒரே மாதத்தில் பெண்களெல்லாம் பரந்தாமன் கடைக்கே திரும்பினார்கள். அவரும் சிரித்த முகத்தோடு சேர்த்துக்கொண்டார்; சாக்கடைக்கு அந்தப் பக்கம்தான். சவுரியம்மாளை மட்டும் சேர்க்கவில்லை. வாரம் ஒரு முறை அவர் ஒருவர்தான் பின்சுவர் ஜன்னலுக்கு வருவார். கம்பிக்கு உள்ளே நின்று பையில் அரிசியைக் கொட்டியவன் நான். நல்ல சாக்கிலிருந்துதான் கொட்டினேன், சத்தியமாக. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எண்பத்து மூன்றில் அவருக்கு முட்டி போய்விட்டது. தோல் ஷாப்பில் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் நான் சூப்பர் மார்க்கெட் மேனேஜர். பாவத்தைக் கழுவுகிற ஆசையில், காலையில் கடையைப் பெருக்கும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். ஏழு மணிக்கு வருவார், எட்டரைக்குள் முடிக்க வேண்டும், ஒன்பதுக்குக் கடை திறப்போம். ஆக ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முன்வாசல் வழியாக உள்ளே வந்தார், துடைப்பத்தோடு. அலமாரிகளுக்கு நடுவே போகும்போது முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வார், எதிலும் பட்டுவிடக் கூடாது என்று.

ஒரு நாள் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அரிசி வைத்திருந்த மூலையைக் காட்டிச் சொன்னேன்: "சவுரியம்மா, கடைல யாருமில்ல. உங்க கையால அள்ளுங்க. கடிச்சுப் பாருங்க." முதல் முறையாக 'ங்க' போட்டுப் பேசினேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

"அன்னிக்கி எல்லாரும் பாக்க எடுக்கணும்னு இருந்தேன் சார். யாருமில்லாதப்ப எடுத்தா அதுக்குப் பேரு வேற. காலத் தூக்குங்கோ, பெருக்கணும்."

தூக்கினேன். பெருக்கி முடித்து, குப்பையைக் கொட்டி, துடைப்பத்தை மூலையில் சாத்தினார். அன்று சனிக்கிழமை, அவர் அரிசி வாங்கும் நாள். தன் பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, பின்சுவர் ஜன்னலுக்கு எதிரே போய் நின்றார். கடை திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது.