ஏற்றத்தில் மூன்றாம் கியர்

அந்தக் குரங்குத் தொப்பி டிரைவரின் ஜீப், பேரிங் போய் இரண்டாம் முறையாகப் போடிமெட்டில் என் பட்டறைக்கு வந்தது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றி வருபவர். ஏற்றத்திலும் மூன்றாம் கியரிலேயே இழுப்பார். பழைய எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பேரிங்குக்கு ஆயில் போதாது, தேய்ந்துவிடும்.

“செகண்டுக்கு மாத்துங்கன்னு சொன்னேன்லண்ணே?”

“மாத்துனா கத்துது தம்பி. தூங்குறவுக முழிச்சிருவாக.”

“எஞ்சின் போயிருமே!”

“போகுந்தான். விடியுமுன்ன சோறாக்கி வச்சுட்டு ஏறுறாக. அவுகளுக்கு இந்த ஒரு மணி நேரந்தான்.”

புது பேரிங் போட்டேன். மறுநாள் காலை ஜீப் மூன்றாம் கியரில் முக்கிக்கொண்டே வளைவேறியது. உள்ளே அடுத்தவர் தோளில் சாய்ந்து தூங்கும் தலைகள். நிறுத்தக் கை தூக்கினேன். ஹாரன் அடித்துவிடுவாரோ என்று இறக்கிக்கொண்டேன்.