அப்பா உயிரோடிருப்பதற்கு அப்பாவே வைத்த கையெழுத்து

பென்ஷன் எடுக்கிறவர் உயிரோடிருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒருதரம் கிராம சேவகர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் உயிர்ச் சான்றிதழ். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த எங்களிடம், எந்த வீட்டில் படுத்தெழும்புகிறோம் என்பதற்குப் பொலிஸ் பதிவுத் துண்டு இருந்தது. உயிரோடிருப்பதற்கு வேறு கடுதாசி.

அப்பா கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக, மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்க்கிறவராக இருந்து இளைப்பாறியவர். அந்த ஜனவரியில் படிவத்தை நிரப்பினார், வாசித்துப் பார்த்தார், பிழையில்லை. உடனே பழகின கை சும்மா இருக்காமல், ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்ற பெட்டிக்குள் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி ஒப்பமும் வைத்துவிட்டது. கிராம சேவகர் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். நானும் கவனிக்காமல் பென்ஷன் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இரண்டு கிழமையில் படிவம் திரும்பி வந்தது. மாத முடிவுக்குள் புதியது வராவிட்டால் பென்ஷன் நிறுத்தப்படும். வீட்டு வாடகை அந்தப் பென்ஷனில்தான் போனது. என் சம்பளத்தில் அந்த வீட்டின் குளியலறையை வேண்டுமானால் வாடகைக்கு எடுக்கலாம்.

“இந்தமுறை நான் நிரப்புறன். நீங்கள் பேனையைத் தொடக்கூடாது அப்பா. அங்கை வாயும் திறக்கக்கூடாது.”

“அப்ப நான் என்னத்துக்கு வாறன்?”

“உயிரோடை இருக்கிறியள் எண்டு காட்ட.”

“எழுதாமல், கதைக்காமல் இருந்தால் அந்தாள் எப்பிடி நம்பிறது?”

கிராம சேவகர் ஒரு சிங்கள இளைஞர். அப்பாவை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் எழுதும்போது அப்பா இரண்டுதரம் முன்னுக்குச் சரிந்தார். இரண்டுதரமும் மேசைக்குக் கீழே அப்பாவின் காலை மிதித்தேன். நல்லபடியாக முடிந்தது என்று காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

“இனிக் கதைக்கலாமோ?” என்றார் அப்பா.

“ஓம், கதையுங்கோ.”

“அந்தத் தம்பி திகதியிலை போன வருஷத்தைப் போட்டிருக்கிறார். போன வருஷம் நான் உயிரோடை இருந்தது கந்தோருக்கு ஏற்கெனவே தெரியும்.”

“அங்கையே சொல்லியிருக்கலாமே!”

“நீ என்ரை காலிலையெல்லோ நிண்டனி.”

திரும்பி ஓடினோம், அதாவது நான் ஓடினேன், அப்பா கடமைக்குப் போவதுபோல நடந்து வந்தார். கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துக்கொண்டு இறங்கி, சீற்றில் வைத்தே வருஷத்தைத் திருத்தித் தந்தார். அப்பா தாளை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் காலை விலக்கிக்கொண்டேன்.

“திருத்தின இடத்தில் சிறு ஒப்பம் வைக்கவேணும் மாத்தயா,” என்றார் சுத்தமான சிங்களத்தில். இல்லாவிட்டால் அதுவும் திரும்பி வந்திருக்கும்.

அடுத்த மாதம் பென்ஷன் வந்தது. திரும்பி வந்த பழைய படிவத்தை நான் கிழிக்கப் போனபோது அப்பா பறித்துக்கொண்டார்.

“இதிலை என்ன பிழை? சரிபார்த்தது எண்டு போட்டனான். ஆள் உயிரோடைதானே இருக்கிறன்?”